மலைக்குப் போகுமுன் ஒரு கணக்கு



"எல்லோரும் சேர்ந்து மலைக்குப் போகலாமா?" என்று வகுப்பில் யாராவது கேட்டால், "வேண்டாம்" என்று உங்களில் ஒருவராவது சொல்வீர்களா? அதுவும் பஸ் போகாத, அதிகம் பேர் பார்த்திராத மலை என்றால் ஆசை இன்னும் கூடும். அது நல்ல ஆசைதான். ஆனால் அதனுடன் ஒரு நினைப்பும் ஒட்டிக்கொண்டு வருகிறது: "கூட்டமாகத்தானே போகிறோம், என்ன ஆகிவிடும்?" இந்த நினைப்பு ஆபத்தானது என்பது என் கருத்து.

2018 மார்ச் 11ஆம் தேதியை எண்ணிப் பாருங்கள். தேனி மாவட்டம் குரங்கணி மலைப்பகுதியில் நடைப்பயணம் சென்ற குழுவினர் காட்டுத் தீயில் சிக்கிக்கொண்டார்கள். 23 பேர் உயிரிழந்தார்கள். அவர்கள் தனியாகப் போனவர்கள் அல்லர், கூட்டமாகப் போனவர்கள்தாம்.

மலையில் தீ எப்படிப் பரவுகிறது? எரியும் தீக்குச்சியின் தலையை மேல்நோக்கிப் பிடித்தால் தீ மெதுவாக இறங்கும். தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்தாலோ, குபுக்கென்று விரலை நோக்கி ஏறிவிடும். சூடான காற்று மேலே எழுந்து, இன்னும் எரியாத பகுதியை முன்கூட்டியே சூடாக்கிவிடுவதே காரணம். மலைச்சரிவில் காய்ந்த புல்லும் இப்படித்தான் எரிகிறது. சரிவு 10 டிகிரி கூடினால் மேல்நோக்கிச் செல்லும் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது ஒரு தோராயக் கணக்கு. 20 டிகிரி என்றால் நான்கு மடங்கு! ஆனால் ஏற்றத்தில் நம் வேகமோ குறைகிறது. அப்படியானால், தீக்கு மேலே நிற்பவர் மேல்நோக்கி ஓடித் தப்ப முடியுமா? நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே முதல் கேள்வி, "எந்த மாதம் போகிறோம்?" என்பதுதான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், பிப்ரவரியிலிருந்து கோடை மழை வரும்வரை நம் மலைகளில் புல் காய்ந்து கிடக்கும். அந்த நாட்களில் போகாமல் இருப்பதே அறிவு.

இரண்டாவது கேள்வி, "எவ்வளவு நேரம் ஆகும்?" ஸ்காட்லாந்து நாட்டு மலையேறி நெய்ஸ்மித் 1892இல் ஓர் எளிய கணக்கைச் சொன்னார். 5 கிலோமீட்டர் நடைக்கு 1 மணி. அதற்குமேல் 600 மீட்டர் ஏற்றத்துக்கு 1 மணி. பாதை 10 கிலோமீட்டர், ஏற்றம் 900 மீட்டர் என்றால்? 2 மணியும் ஒன்றரை மணியும் சேர்த்து மூன்றரை மணி. இது நடந்து பழகியவர் ஓய்வெடுக்காமல் நடக்கும் கணக்கு. உங்கள் குழுவிலோ மிக மெதுவாக நடப்பவரின் வேகம்தான் எல்லோருடைய வேகமும். ஆள் கூடக்கூட நேரமும் கூடும். இருட்டுமுன் இறங்க முடியுமா என்று வீட்டிலேயே கணக்குப் போட்டுவிட வேண்டாமா?

மூன்றாவது கேள்வி, "வழி தெரிந்தவர் யார்?" குரங்கணி விபத்துக்குப் பின், 2018இலேயே தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளை வகுத்தது. 2024இல் வனத்துறை 40 பாதைகளை அறிவித்து, உள்ளூர் மக்களைப் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளாக அமர்த்தியது. அனுமதிச் சீட்டை வெறும் காகிதம் என்று எண்ணாதீர்கள். நீங்கள் எந்தப் பாதையில் இருக்கிறீர்கள் என்பது கீழே ஒருவருக்குத் தெரியும் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

"இத்தனை தொல்லை எதற்கு? போகாமலே இருந்துவிடலாமே!" என்று பெரியவர்கள் சிலர் சொல்லக்கூடும். அதை நான் ஏற்கவில்லை. மழைநீரைப் பிடித்துவைத்து ஓடையாகக் கசியவிடும் சோலைக்காட்டை ஒருமுறை நேரில் பார்த்தவன், அதை வெட்டச் சம்மதிப்பானா? படத்தில் மட்டும் பார்த்தவனுக்கு அந்த வலி வராது.

எனவே போங்கள், கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள். வழிகாட்டி "திரும்பலாம்" என்றால் முகம் சுளிக்காமல் திரும்புங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மலை எங்கும் ஓடிவிடாது. நீங்கள் பத்திரமாக இருந்தால் அடுத்த ஆண்டும் ஏறலாம் அல்லவா?