சோதனை உலை கரும்பாலைக்கு வரட்டும்

கரியமில வாயுவை மின்சாரத்தின் துணையோடு கார்பன் மோனாக்சைடாக மாற்றும் வினையூக்கிகளில் தங்க நானோகொத்துக்குத் தனி இடம் உண்டு. சுமார் ஒரு நானோமீட்டர் அளவுள்ள அதில் 25 தங்க அணுக்கள். நட்டநடுவே ஒன்று, அதைச் சூழ 12, வெளி ஓட்டில் மீதி 12. நடு அணுவின் இடத்தில் பல்லேடியத்தை வைத்தால் கார்பன் மோனாக்சைடு விளைவது கூடுகிறது என்று 2020-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். பிளாட்டினத்தை வைத்தாலோ கொத்து ஹைட்ரஜன் பக்கம் சாய்ந்துவிடுகிறது. ஓரணு மாற்றம் விளைபொருளையே மாற்றுகிறது.

இந்த அறிவு தமிழகத்துக்குப் புதிதல்ல. தங்கக் கொத்தும் வெள்ளிக் கொத்தும் கரைசலில் அணுக்களை மாற்றிக்கொள்வதை சென்னை ஐஐடியில் பேராசிரியர் டி.பிரதீப் குழு 2016-இல் வெளியிட்டது. அதே ஆண்டு தூத்துக்குடி அல்கலி ஆலை, நிலக்கரிக் கொதிகலனின் கரியமில வாயுவைப் பிடித்துச் சோடா சாம்பல் தயாரிக்கத் தொடங்கியது. ஆண்டுக்கு 60,000 டன் வாயுவைப் பிடிப்பது திட்டம். ஆய்வகமும் ஆலையும் தனித்தனியே முன்னேறின. இரண்டையும் இணைக்கும் பொறுப்பு அரசுடையது. ஆனால் 2022-இல் மத்திய அரசு கார்பன் பயன்பாட்டு மையங்களை அமைத்தது மும்பையிலும் பெங்களூரிலும்தான்.

இணைப்பை எங்கே தொடங்குவது? மேட்டூர் அனல்மின் நிலையம் என்று பலருக்கும் தோன்றும். ஆனால் நிலக்கரிப் புகையில் கரியமில வாயு ஏழில் ஒரு பங்குதான். கூடவே கந்தக டைஆக்சைடும் தூசியும் வரும். கரும்பாலையோடு சேர்ந்த எத்தனால் நொதிகலனில் வெளியேறுவதோ ஏறக்குறையத் தூய கரியமில வாயு. 92 கிலோ எத்தனாலுக்கு 88 கிலோ வாயு என்பது வேதியியல் கணக்கு. பெரும்பாலான ஆலைகளில் அது காற்றில்தான் போகிறது. மின்சாரமும் முக்கியம்: நிலக்கரி மின்சாரத்தில் கரியமில வாயுவை மாற்றும் உலையை ஓட்டினால், விழுங்குவதைவிட அதிகமாகவே புகைக்கும். கரும்பாலைக்கோ கரும்புச் சக்கையை எரித்து எடுக்கும் மின்சாரம் உண்டு.

தருமபுரி மாவட்டம் கோபாலபுரத்தில் சுப்பிரமணிய சிவா கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. அங்கே சிறு எத்தனால் பிரிவும் அதனோடு ஒரு சோதனை உலையும் அமைக்க மாநில அரசு பணம் ஒதுக்க வேண்டும். தங்கம் விலை உயர்ந்தது, கொத்துகள் நாளடைவில் சிதையும் என்ற ஆட்சேபங்கள் நியாயமானவை. குடுவைக்குள் அவற்றுக்கு விடை கிடைக்காது. உலை ஓர் அரவைப் பருவம் முழுக்க ஓட வேண்டும்; ஒரு கிலோ வாயுவை மாற்ற எத்தனை யூனிட் மின்சாரம் செலவானது, வினையூக்கி எத்தனை மணி நேரம் தாங்கியது என்ற கணக்கு கரும்பு விவசாயிகளின் பேரவையில் வைக்கப்பட வேண்டும். ஆலை அவர்களுடையது.