முதல் அச்சு தப்பாகத்தான் விழும், விடுங்கள்



கோடை விடுமுறை வந்தாலே ஃபேன்சி ஸ்டோர்களில் பிள்ளைகளுக்கான ஸ்டாம்ப் செட்டுகள் தொங்க ஆரம்பித்துவிடுகின்றன. பூ, பட்டாம்பூச்சி, கார்ட்டூன் பொம்மை எல்லாம் உண்டு. வாங்கிக் கொடுத்த அரை மணி நேரத்தில் நோட்டு முழுக்கக் குத்திவிட்டு, பிள்ளை மறுபடி செல்போன் கேட்கும். செட்டு வாங்குவது தப்பென்று சொல்லவில்லை. ஸ்டாம்பைப் பிள்ளையே செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

ஐந்து ரூபாய் அழிரப்பர் போதும். அதில் தன் பெயரைச் செதுக்கச் சொல்லுங்கள். முதல் அச்சு இடவலம் மாறித்தான் விழும். 'ட' திரும்பி நிற்கும். 'கெ'யில் முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் போய்விடும். 'ப'வும் 'ஃ'கும் மட்டும் தப்பித்துக்கொள்ளும். ஏன் என்று பிள்ளையே கேட்கும். சமச்சீர் பாடத்தைக் கரும்பலகையில் பல ஆண்டு நடத்தியவன் நான். பலகையில் போட்ட கோட்டைவிட ரப்பர் துண்டு சீக்கிரம் புரிய வைக்கும்.

கேள்வி வந்த பிறகு வழியைச் சொல்லுங்கள். தாளில் பென்சிலால் அழுத்தி எழுதி, ரப்பர் மேல் கவிழ்த்துத் தேய்த்தால் எழுத்து தானே திரும்பி ஒட்டிக்கொள்ளும். அதைச் சுற்றிச் செதுக்கினால் அச்சு நேராக விழும்.

பிளேடு பயமா? பெரியவர் பக்கத்தில் இருக்கட்டும். சின்னப் பிள்ளைகள் என்றால், பழைய சைக்கிள் டியூபைக் கத்தரிக்கோலால் வெட்டட்டும்; நீங்கள் அதை மரத்துண்டில் ஒட்டிக் கொடுங்கள். அதுவும் இல்லையா, வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்குங்கள், பூ கிடைக்கும். வாழை மட்டையை நறுக்கினால் வலை கிடைக்கும்.

நம் ஊரிலிருந்து மதுரை சாலையில் கொஞ்ச தூரம் போனால் சின்னாளபட்டி. சுங்குடிக்கு முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுவது பழைய முறை. சூடான மெழுகில் தோய்த்த அச்சுக்கட்டையைத் துணியில் ஒற்றும் முறையும் அங்கே உண்டு. மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. பிறகு வெந்நீரில் மெழுகை எடுத்தால் அந்த இடம் பூவாகத் தெரியும். அந்தச் சேலை நம் வீட்டுக் கொடியில் காய்கிறது. அது எப்படி உருவானது என்று நம் பிள்ளைக்குத் தெரியாது. கைத்தொழில் வழியாகப் பாடம் என்று 1937-இல் வார்தாவில் காந்தி சொன்னார். காந்திய வழியில் 1947-இல் தொடங்கிய காந்திகிராமமும் சின்னாளபட்டி பக்கத்தில்தான் இருக்கிறது. இவ்வளவும் அருகில் இருந்தும் நாம் கடையில் ஸ்டாம்ப் தேடுகிறோம்.

"பாடம் முடிக்கவே நேரமில்லை சார்" என்பார்கள் இளம் ஆசிரியர்கள். உண்மைதான். வாரம் ஒரு பீரியடு போதும். ஆனால் மார்க் மட்டும் போட்டுவிடாதீர்கள். மார்க் வந்தால் வேலை அம்மா அப்பா கைக்குப் போகும். அங்கிருந்து ப்ராஜெக்ட் செய்து தரும் கடைக்குப் போகும். பிள்ளை கையில் ஒன்றும் மிஞ்சாது.

பெற்றோர்களே, முதல் அச்சு தப்பாக விழும்போது ரப்பரைப் பிடுங்கித் திருத்தாதீர்கள். இன்னொரு ரப்பர் வாங்கிக் கொடுங்கள். ஐந்து ரூபாய்தான்.