பூமி குலுங்கினால் திருச்சி தாங்குமா?

"மலைக்கோட்டை ஊருக்கு நிலநடுக்கமா? சும்மா இருங்க சார்!" மன்னார்புரம் டீக்கடையில் பேச்செடுத்தால் இந்தப் பதில்தான் வரும்.

நிலநடுக்க வரைபடத்தில் திருச்சி 2-ம் மண்டலம். ஆபத்து குறைவு என்பது உண்மைதான். ஆனால் மராட்டியத்தின் கில்லாரி அதைவிடவும் ஆபத்து குறைந்த 1-ம் மண்டலத்தில் இருந்தது. 1993 செப்டம்பர் 30-ந்தேதி அதிகாலை பூமி குலுங்கியது. ஆயிரக்கணக்கானோர் தூக்கத்திலேயே மாண்டார்கள்! 2001-ல் குஜராத்தில் பூஜ் நகர அரசு ஆஸ்பத்திரியே இடிந்து விழுந்தது.

பூமி ஆடாமலே திருச்சி பட்ட பாடு கொஞ்சமா? 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் முக்கொம்பு மதகுகள் உடைந்தன. 2024 ஜனவரியில் மன்னார்புரத்தை அடுத்த ஜி கார்னர் பாலத்தின் பக்கச்சுவர் சேதமாகி, போக்குவரத்து திருப்பி விடப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் கொள்ளிடத்தில் மின்கோபுரங்கள் சாய்ந்தன.

கரண்ட் போனால் காவிரித் தண்ணீர் தொட்டிக்கு ஏறாது. பாலம் போனால் ஆம்புலன்ஸ் வராது. ஒன்று விழுந்தால் மற்றதும் படுத்துவிடும்.

ஊரையே இடித்துக் கட்டச் சொல்லவில்லை. டிரான்ஸ்பார்மர்களை அடித்தளத்தோடு போல்ட் போட்டு இறுக்கலாம். பாலங்களின் பேரிங்கையும் தண்ணீர்த் தொட்டிகளின் தூண்களையும் சோதிக்கலாம். ஆஸ்பத்திரி, தீயணைப்பு நிலையக் கட்டிடங்களை முதலில் பலப்படுத்தலாம். இதற்கெல்லாம் கோடிகள் கொட்ட வேண்டியதில்லை. இடிந்தபின் கட்டத்தான் கோடிகள் வேண்டும்.

இடிந்த பிறகு ஓடிவரும் அதிகாரிகள், இடியும் முன்னே ஒருதடவை வந்து பார்க்கட்டும்!