குண்டு போட்டால் கப்பல் தப்புமா?

செங்கடலில் கப்பல்களைத் தாக்கிய ஏமன் ஹூதிகள் மீது 2024 ஜனவரி 12-ல் அமெரிக்காவும் பிரிட்டனும் குண்டு போட ஆரம்பித்தன. இந்தியா சேரவில்லை. கோழைத்தனமா? இல்லை என்பேன்.

இரண்டே வாரத்தில், ஜனவரி 26 அன்று, ஏடன் வளைகுடாவில் மார்லின் லுவாண்டா என்ற எண்ணெய்க் கப்பல் ஹூதி ஏவுகணையால் தீப்பிடித்தது. அதில் 22 இந்தியர்கள். தீயணைக்க ஓடிய போர்க்கப்பல்களில் நம்ம ஐ.என்.எஸ். விசாகப்பட்டினமும் ஒன்று.

2025-லும் அமெரிக்கா வாரக்கணக்கில் குண்டு போட்டது. அப்புறமும் அந்த ஜூலையில் ஒரே வாரத்தில் இரண்டு கப்பல்களை ஹூதிகள் மூழ்கடித்தார்கள். லாரியில் வைத்து ஏவும் ஏவுகணை இடம் மாறிக்கொண்டே இருக்குமே!

சும்மா இருக்கச் சொல்லவில்லை. கப்பலுக்குத் துணை போகணும், பாய்ந்து வரும் ஏவுகணையைச் சுடணும். எத்தனை குண்டு போட்டோம் என்பதல்ல, எத்தனை மாலுமிகள் வீடு திரும்பினார்கள் என்பதே கணக்கு.

நீங்க என்ன சொல்றீங்க?