நாலு நாற்காலி, நாலு வருஷம்

ராணுவத் தளபதி அமைச்சர் ஆகிறார். வெளியுறவு அதிகாரி கம்பெனிக்குப் போகிறார். நீதிபதி ஆளுநர் ஆகிறார். 'எத்தனை துறை பாருங்க, என்ன வாழ்க்கை!' என்று நம் ஆட்கள் ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர்கள் திறமையை நான் கேள்வி கேட்கவில்லை. இடைவெளியைத்தான் கேட்கிறேன். வி.கே. சிங்காவது 2012இல் ஓய்வுபெற்று 2014இல்தான் இணையமைச்சர் ஆனார். தலைமை நீதிபதி சதாசிவம் 2014 ஏப்ரலில் ஓய்வு. செப்டம்பரில் கேரள ஆளுநர். வெளியுறவுச் செயலர் ஜெய்சங்கர் 2018 ஜனவரியில் ஓய்வு. ஏப்ரலில் டாடா குழுமம். 2019 மே மாதம் அமைச்சர். ஓய்வுபெற்ற உயரதிகாரி ஓராண்டுக்குள் தனியார் வேலைக்குப் போக அரசு அனுமதி வேண்டுமாம். கொடுப்பதும் அதே அரசுதானே! இவர்கள் தப்புச் செய்தார்கள் என்று சொல்லவில்லை. அடுத்த நாற்காலி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தால், இருக்கிற நாற்காலியிலிருந்து 'முடியாது' என்று சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்?

இங்கே சங்கரன்கோவிலில் என் அக்கா மகன் விடியக்காலை ஐந்து மணிக்கு ஓடுகிறான், அக்னிபத்துக்காக. நாலு வருஷ வேலை. அதிகபட்சம் 25 சதவீதம் பேருக்குத்தான் நிரந்தரம். மற்றவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. "அதுக்கப்புறம் என்ன செய்ய மாமா?" என்கிறான். அவனுக்கு எந்த நாற்காலியும் காத்திருக்கவில்லை.

எங்கள் ஊர்க் கோயிலில் ஒரே உடம்பில் சிவனும் பெருமாளும். சாமிக்கு அது அழகு. ஆசாமிக்கு இரண்டு வருஷ இடைவெளியாவது வேண்டும், விலக்கே இல்லாமல்.