கொப்பளித்தால் மட்டும் போதுமா?

ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் மளிகைக் கடைகளில்கூட இப்போ 'இயற்கை' என்று அச்சடித்த வாய் கொப்பளிக்கும் பாட்டில்கள் வந்துவிட்டன. கிராம்பு, புதினா, கிரீன் டீ என்று பெயரைப் படித்தாலே வாங்கத் தோன்றும். பாட்டில் வாங்காதவர்கள் வீட்டிலேயே கொய்யா இலையைக் கொதிக்க வைத்துக் கொப்பளிக்கிறார்கள். கொப்பளிக்கட்டும், தப்பே இல்லை. அதை நம்பி ராத்திரி பல் தேய்ப்பதை விட்டுவிடுகிறோமே, அதுதான் வம்பு.

கொய்யா இலை, நெல்லிக்காய், தேயிலையில் இருக்கிற துவர்ப்புச் சத்து, கிருமிகள் பல்லில் ஒட்டுவதைக் கொஞ்சம் தடுக்கும் என்பது உண்மை. நம்ம நல்லெண்ணெயையே எடுத்துக் கொள்ளுங்கள். 2008-ல் வெளியான சென்னை ஆய்வு ஒன்றில், நல்லெண்ணெய் கொப்பளித்த பையன்களுக்குச் சொத்தைக் கிருமி குறைந்தது. ஆனால் டாக்டர்கள் எழுதித் தரும் குளோர்ஹெக்சிடின் மருந்தில்தான் அது சீக்கிரமாகக் குறைந்தது. இரண்டு பிரிவும் சேர்த்தே மொத்தம் 20 பேர், இரண்டு வாரம், அவ்வளவுதான். பல்லில் குழி விழ மாதக்கணக்காகும். கிருமி குறைந்தது வேறு, சொத்தையே வராமல் போனது வேறு இல்லையா? விளம்பரக்காரர்கள் இரண்டையும் ஒன்றாக்கி விடுகிறார்கள்!

சொத்தையைத் தடுக்கும் என்று நன்றாக நிரூபணமானது ஃபுளோரைடு கலந்த பற்பசை. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் பல ஊர்களில் போர் தண்ணீரிலேயே ஃபுளோரைடு அதிகம். பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறையைப் பார்த்துப் பார்த்து, பற்பசை என்றாலே நமக்குப் பயம். அந்தக் கறை, பல் உருவாகும் வயதில் அந்தத் தண்ணீரை வருஷக்கணக்காகக் குடித்ததால் வருவது. மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு பசை வைத்து, துப்ப வைத்தால் போதும். உங்கள் ஊர்த் தண்ணீர் எப்படி என்று பல் டாக்டரிடம் சொல்லிக் கேட்டுக் கொள்வது நல்லது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எந்தப் பாட்டிலும் வேண்டாம், விழுங்கிவிடும்.

இன்னொன்று, "பால் பல்லுதானுங்க, விழுந்துட்டுப் போகுது" என்கிற பேச்சு. பின்பக்கத்துப் பால் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. கமர்கட்டும் கிரீம் பிஸ்கட்டும் ஒட்டுவது அங்கேதான். கறுப்புப் புள்ளி தெரிந்ததுமே காட்டினால் அடைத்துவிடலாம், தாலுகா அரசு ஆஸ்பத்திரிகள் பலவற்றில் பல் டாக்டர் இருக்கிறார். கன்னம் வீங்கின பிறகு கூட்டிப் போனால் பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டியிருக்கும்.

- ஒரு வாசகி, ராசிபுரம்.