ஒரு சோறு பதமாகுமா?

நுழையும்முன்

உறக்கம், நினைவாற்றல், துணிவு, கற்றல் என மனித நடத்தையைப் பற்றிய ஆய்வு முடிவுகள் நாள்தோறும் நம்மை வந்தடைகின்றன. சிலரிடம் கண்டதை எல்லார்க்கும் உரியதாகக் கூறும் அம்முடிவுகளை எந்த அளவிற்கு ஏற்கலாம்? இவ்வினாவிற்கு விடைகாணும் முயற்சியில் பிறந்ததே கருதுகோள் சோதனை. அதன் பயனையும் எல்லையையும் எடுத்துரைத்து, அதனைக் கற்கும் முறை குறித்துத் தன் கருத்தை முன்வைக்கிறது இக்கட்டுரை.

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நம் பழமொழி. அடுப்பங்கரையில் அது பொய்ப்பதில்லை. ஒரே அரிசி, ஒரே நீர், ஒரே நெருப்பு. ஆகவே, ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்த அளவில் பானை முழுவதன் நிலையும் புலப்பட்டுவிடுகிறது. ஆனால், மனிதர்கள் ஒரே பானையில் வெந்தவர்கள் அல்லர். ஒரே மருந்தை உண்டவர்களுள் ஒருவர் ஆழ்ந்து உறங்குவார். மற்றொருவர் விடியும்வரை புரண்டு படுப்பார். இத்தகைய மனிதர்களுள் சிலரை மட்டும் ஆராய்ந்து, அனைவரையும் பற்றிப் பேசவேண்டிய கட்டாயம் நடத்தை அறிவியலுக்கு உண்டு. எத்தனை பருக்கைகளைப் பார்த்தால் பதம் சொல்லலாம்? சொன்ன பதத்தை எவ்வளவு நம்பலாம்? இவ்விரு வினாக்களே கருதுகோள் சோதனையின் கருப்பொருள்.

ஆலையில் பிறந்த கணக்கு

இவ்வினாக்களுக்கு விடை தேடியவர்களுள் ஒருவர் வில்லியம் சீலி காசெட். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் வேதியியலும் பயின்ற அவர், 1899ஆம் ஆண்டு டப்ளின் நகரில் இருந்த கின்னஸ் பியர் ஆலையில் பணியில் சேர்ந்தார். வாற்கோதுமையின் தரத்தையும் விளைச்சலையும் ஒப்பிட்டு முடிவெடுக்க வேண்டிய பொறுப்பு அவருக்கு இருந்தது. அவருடைய கையில் இருந்தவையோ மிகச் சில அளவீடுகள். அக்காலப் புள்ளியியல் முறைகளோ பெரும் எண்ணிக்கையிலான தரவுகளுக்கே பொருந்துவன. குறைந்த தரவுகளைக் கொண்டு பிழையின்றி முடிவெடுக்கும் வழியை அவர் தாமே ஆராய்ந்து, 1908இல் 'பயோமெட்ரிகா' என்னும் இதழில் வெளியிட்டார். ஆலையின் விதிகள் பணியாளர்கள் தம் பெயரில் ஆய்வுகளை வெளியிடத் தடையாக இருந்தமையால், 'ஸ்டூடண்ட்', அதாவது 'மாணவர்' என்னும் புனைபெயரைச் சூடிக்கொண்டார். இன்று உலகெங்கும் வகுப்பறைகளில் கற்பிக்கப்படும் டி-சோதனை, 'மாணவரின் டி' என்றே வழங்குகிறது. கற்போர் அனைவர்க்கும் பெருமை தரும் பெயர் அது!

பத்துப் பேரின் உறக்கம்

காசெட் தம் கட்டுரையில் ஓர் எடுத்துக்காட்டைக் கையாண்டார். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மனநல மருத்துவமனை ஒன்றில் இருந்த பத்து நோயாளிகளுக்கு இருவேறு உறக்க மருந்துகள் கொடுக்கப்பட்டன. ஒவ்வொருவரிடத்தும் இரண்டாம் மருந்து முதல் மருந்தைவிட எத்தனை மணிநேரம் கூடுதலாக உறக்கம் தந்தது என்பதைக் கீழ்க்காணும் எண்கள் காட்டுகின்றன:

1.2, 2.4, 1.3, 1.3, 0.0, 1.0, 1.8, 0.8, 4.6, 1.4

இவற்றின் சராசரி 1.58 மணிநேரம். இரண்டாம் மருந்தே சிறந்தது என்று உடனே கூறிவிடலாமா? ஒருவருக்குச் சிறிதும் வேறுபாடில்லை. மற்றொருவருக்கோ நான்கரை மணிநேரத்திற்கும் மேல் வேறுபாடு. எண்கள் இவ்வளவு சிதறிக் கிடக்கையில், இச்சராசரி தற்செயலாகவும் அமைந்திருக்கலாம் அன்றோ?

இங்குதான் டி-சோதனை துணைக்கு வருகிறது. எண்களின் சிதறலைக் காட்டும் திட்ட விலக்கம் 1.23. அதனை நோயாளிகளின் எண்ணிக்கையாகிய பத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.39 என்னும் திட்டப் பிழை கிடைக்கிறது. சராசரியைத் திட்டப் பிழையால் வகுக்க, டி மதிப்பு 4.06 ஆகிறது. கண்ட வேறுபாடு, தற்செயலின் அலைவைப் போல் எத்தனை மடங்கு என்பதே இவ்வெண்ணின் பொருள்.

மருந்துகளுக்கு இடையே வேறுபாடே இல்லை என்று கொள்வோம். இதனையே 'இன்மைக் கருதுகோள்' என்கிறோம். அது மெய்யாயின், பத்துப் பேரைக் கொண்ட இத்தகைய ஆய்வில் டி மதிப்பு ஏதேனும் ஒரு திசையில் 2.26ஐக் கடப்பது நூற்றில் ஐந்து முறையே நிகழும். 4.06 அளவிற்கு உயர்வதோ ஏறத்தாழ ஆயிரத்தில் மூன்று முறையே. ஆகவே, 'வேறுபாடு இல்லை' என்னும் கருதுகோளை நாம் கைவிடுகிறோம்.

இவ்வெடுத்துக்காட்டில் மற்றொரு பாடமும் உண்டு. காசெட் தம் கட்டுரையில் மருந்துகளின் பெயர்களைத் தவறாகக் குறித்துவிட்டார். கணக்கு சரி, பெயர் பிழை. டி-சோதனை அப்பிழையைக் கண்டு சொல்லவில்லை. தனக்குக் கொடுக்கப்பட்ட எண்களை மட்டுமே சோதனை அறியும். அவ்வெண்கள் வந்த வழியை அறியவேண்டியவர் ஆய்வாளரே.

இருவகைப் பிழைகள்

சிலப்பதிகாரத்தில் பாண்டிய மன்னன், பொற்கொல்லன் சொல்லை மட்டும் நம்பிக் கோவலனைக் கள்வன் எனக் கொண்டான், சான்றுகளை ஆராயவில்லை. கண்ணகி தன் சிலம்பை உடைத்தபோது, அரசியின் சிலம்பிற்குரிய முத்துகளுக்கு மாறாக மாணிக்கம் தெறித்தது. உண்மை வெளிப்பட்டது, ஆயினும் உயிர் மீளவில்லை. குற்றமற்றவனைக் குற்றவாளி எனத் துணிவதற்கு ஒப்பானது, இல்லாத விளைவை இருப்பதாகக் கூறும் முதல் வகைப் பிழை. குற்றவாளியைத் தப்பவிடுவதற்கு ஒப்பானது, இருக்கும் விளைவைக் காணத் தவறும் இரண்டாம் வகைப் பிழை.

இரண்டையும் ஒருங்கே முற்றிலும் ஒழித்தல் இயலாது. முதற்பிழைக்கு அஞ்சி எல்லையை மிகக் கடுமையாக்கினால் இரண்டாம் பிழை பெருகும். ஆதலின், எந்தப் பிழையால் எவர்க்கு எவ்வளவு தீங்கு நேரும் என்பதை எண்ணியே எல்லையை வகுக்க வேண்டும். ஐந்து விழுக்காடு என்பது இயற்கை வகுத்த எல்லையன்று. புள்ளியியல் அறிஞர் ரொனால்டு ஃபிஷர் 1925இல் வெளியிட்ட நூலில் வசதி கருதிச் சுட்டிய எல்லை, வழக்கத்தால் சட்டம்போல் ஆகிவிட்டது.

எல்லையைத் தாண்டியதும் ஆய்வு முடிந்ததா?

எல்லையைத் தாண்டிய முடிவு பிற்காலத்தில் நிலைபெறாமல் போவதும் உண்டு. 2010இல் அமெரிக்க உளவியல் ஆய்வு ஒன்று வெளிவந்தது. கைகால்களை விரித்து மிடுக்காகச் சில மணித்துளிகள் இருந்தால், உடலின் சுரப்புநீர்கள் மாறும். துணிந்து இடர் ஏற்கும் இயல்பு கூடும் என்பது அதன் முடிவு. அதில் பங்கேற்றோர் 42 பேர். முடிவுகள் ஐந்து விழுக்காட்டு எல்லையைத் தாண்டியிருந்தன. நேர்காணலுக்குச் செல்வோர்க்கு அறிவுரையாக அது உலகெங்கும் பரவியது.

2015இல் வேறோர் ஆய்வுக்குழு 200 பேரைக் கொண்டு இதனை மீண்டும் சோதித்தது. மிடுக்காக இருந்தோர் தம்மை வலிமையுடையோராக உணர்ந்ததாகக் கூறினர். ஆனால், சுரப்புநீர்களிலோ துணிந்து இடர் ஏற்பதிலோ மாற்றம் காணப்படவில்லை. 2016இல், முதல் ஆய்வின் முதன்மை ஆசிரியர் டேனா கார்னி, அவ்விளைவு உண்மையானது எனத் தாம் இனி நம்பவில்லை என்று பொதுவெளியில் அறிவித்தார். பங்கேற்பாளர்களைச் சிறு சிறு குழுக்களாகச் சேர்த்து, இடையிடையே முடிவைச் சரிபார்த்துக்கொண்டே சென்றதையும் அவரே எடுத்துரைத்தார். தம் பெயருக்குப் புகழ் தேடித்தந்த முடிவைத் தாமே கைவிடும் இந்நேர்மை, எந்தச் சூத்திரத்தையும்விட உயர்ந்தது.

இடையிடையே பார்ப்பதில் என்ன குற்றம்? விளைவே இல்லாத இருபது வெவ்வேறு செய்திகளைச் சோதித்தால், அவற்றுள் ஒன்றேனும் தற்செயலாக எல்லையைத் தாண்டுவதற்கான வாய்ப்பு 64 விழுக்காடு. வேண்டிய விடை வரும்வரை சோதித்துவிட்டு, வந்த ஒன்றை மட்டும் அறிவிப்பது, சுவரில் அம்பெய்துவிட்டு அதனைச் சுற்றி வட்டம் வரைவதை ஒக்கும்.

தெரிந்து தெளிவோம்

உளவியல் இதழ்களில் வெளிவந்த 100 ஆய்வுகளை ஒரு பன்னாட்டு ஆய்வுக்குழு மீண்டும் நிகழ்த்தி, 2015இல் முடிவுகளை வெளியிட்டது. முதலில் 97 விழுக்காட்டு ஆய்வுகள் எல்லையைத் தாண்டியிருந்தன. மறு ஆய்விலோ 36 விழுக்காடே தாண்டின.

சிறு வேறுபாடும் பெரும் எண்ணிக்கையும்

எண்ணிக்கை பெருகினால் இடர் தீர்ந்துவிடும் என்றும் எண்ணலாகாது. ஒரு பயிற்சி, நூற்றுக்கு அரை மதிப்பெண்ணை மட்டும் கூட்டுகிறது எனக் கொள்வோம். மதிப்பெண்களின் திட்ட விலக்கம் 15. பயிற்சி பெற்றோர் பதினாயிரவர், பெறாதோர் பதினாயிரவர். டி மதிப்பு 2.36 ஆகி, எல்லையைத் தாண்டிவிடும். அதைக் கொண்டு, 'அறிவியல்முறையில் மெய்ப்பிக்கப்பட்ட பயிற்சி' என விளம்பரமும் செய்யலாம். ஆனால், அந்த அரை மதிப்பெண்ணுக்காக ஒரு மாணவர் தம் மாலைப் பொழுதுகளையும் பெற்றோரின் பொருளையும் செலவிட வேண்டுமா? சோதனை இதற்கு விடை கூறாது. வேறுபாடு உண்டா என்பது ஒரு வினா. அது பொருட்படுத்தத்தக்கதா என்பது வேறு வினா.

அவ்வாறே, எல்லையைத் தாண்டாத ஆய்வு 'விளைவே இல்லை' என்று மெய்ப்பித்துவிடுவதில்லை. பருக்கைகள் போதாமையால் பதம் தெரியாமலும் போயிருக்கலாம்.

கற்கவேண்டிய முறை

சூத்திரத்தில் எண்களை இட்டு, அட்டவணையைப் பார்த்து, 'இன்மைக் கருதுகோள் நிராகரிக்கப்படுகிறது' என்று எழுதியவுடன் ஏட்டை மூடிவிடுகிறோம். முழு மதிப்பெண்ணும் பெறுகிறோம். ஆனால், சிந்தனை தொடங்கவேண்டிய இடத்தில் ஏடு மூடப்படுகிறது என்பதே என் கருத்து. விடையின்கீழ் இன்னும் நான்கு வரிகள் எழுதப் பழகுவோம். எத்தனை பேரை ஆராய்ந்தனர்? அவர்கள் எவ்வாறு தெரிவு செய்யப்பட்டனர்? வேறுபாட்டின் அளவு என்ன? எதைச் சோதிப்பது என்பதை முன்னரே உறுதிசெய்தனரா? சூத்திரத்தை மறந்தபின்னும் இந்நான்கு வினாக்கள் நம்முடன் வரும். நினைவாற்றலைப் பெருக்குவதாகக் கூறும் பானத்தை வாங்கும்போதும், குழந்தைகளுக்கான புதிய பயிற்சிமுறையைத் தெரிவு செய்யும்போதும் அவை நமக்குக் காவலாக நிற்கும்.

ஐயப்படுதல் எளிது, எதையும் நம்பாமல் இருந்துவிடலாம். நம்புதலும் எளிது; சொன்னதை எல்லாம் ஏற்றுவிடலாம். எவ்வளவு ஐயப்பட வேண்டுமோ அவ்வளவே ஐயப்படுதல்தான் அரிது. அவ்வளவை அறிய உதவும் கோலே டி-சோதனை. கோல் அளந்து காட்டும். முடிவெடுக்கும் பொறுப்பு அதனைப் பிடித்திருக்கும் கைக்கே உரியது.

கற்பவை கற்றபின்

1. நாளிதழில் வெளிவந்த நடத்தை ஆய்வுச் செய்தி ஒன்றைத் தெரிவு செய்து, கட்டுரையில் கூறப்பட்ட நான்கு வினாக்களையும் எழுப்பி விடை காண்க.

2. பத்து நோயாளிகளின் தரவில் 4.6 என்னும் எண்ணை நீக்கிவிட்டு டி மதிப்பைக் காண்க. சராசரி குறைந்தும் டி மதிப்பு உயர்வது ஏன் என்பதை வகுப்பறையில் கலந்துரையாடுக.